கடைசி வீல் கப்

"சார், இன்னைக்கு இன்னா சாமான் கெடச்சுது?"

கேட்டைத் திறந்துகொண்டே கேட்டான் உலகநாதன். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸ், "அடடே! இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா? வாப்பா, வா" என்றார். விடிந்ததும் டி.வி.யில் ஞாயிறு பூசை பார்த்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதாம்!

கிறிஸ்துதாஸ் ரிட்டயர்டு மலேரியா இன்ஸ்பெக்டர். மனைவி லூர்தம்மாள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் துபாயில். கரையான்சாவடி வீட்டில் அவரும் ஒரு பழைய ஃபியட் காரும்தான் மிச்சம். முட்டிவலி வந்து ஓட்ட முடியாமல் போகவே, போன ஏப்ரலில் அந்தக் காரை உலகநாதனுக்கு மலிவு விலையில் விற்றார்.

விற்கும்போது ஒரு திருட்டு வேலை செய்தார். ஜாக்கி, இரண்டாவது சாவி, பக்கக் கண்ணாடி, சக்கரத்தை மூடும் நாலு வீல் கப் என்று கழற்ற முடிந்த பன்னிரண்டு சாமான்களைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார். "எல்லாம் பரண்ல எங்கியோ கிடக்குது தம்பி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வா, தேடித் தேடித் தரேன்" என்றார். சாமான் இருந்தால் ஆள் வருவான். ஆள் வந்தால் நாலு வார்த்தை பேசலாம். அதற்குத்தான் இவ்வளவு கள்ளத்தனமும்.

பதினொன்று கொடுத்தாகிவிட்டது. இன்று கடைசி வீல் கப். புதன்கிழமையிலிருந்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மொதல்ல சாப்பிடு" என்று கறிக்குழம்பை ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த வீட்டில் கறி வேகும். "வண்டி எப்படிப்பா இருக்கு?"

"ராஜா மாதிரி கீது சார்!" என்றான் உலகநாதன். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. நசரத்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். அப்பாவின் நிலத்தை விற்று வந்த பங்கில்தான் கார் வாங்கியிருந்தான். "சீட்டெல்லாம் கயட்டி சோப்பு போட்டுத் தேச்சேன். அய்யய்ய, எத்தினி பக்கெட்டு அழுக்குத் தண்ணி! கதவாண்ட துரு இருந்துச்சே, உப்புத்தாள் போட்டு இழைச்சு பெயிண்ட் அடிச்சிட்டேன். பம்பருக்கு விபூதி போட்டுத் தேச்சேன் பாருங்க, மூஞ்சி தெரியுது."

"அடப்பாவி! என் வண்டிக்கு விபூதியா?"

"ஆர்.சி. புக்குல பேரு மாறும்போதே வண்டி மதமும் மாறிடுச்சு சார்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கிறிஸ்துதாஸுக்குப் புரையேறியது; தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். வாரம் முழுவதற்கும் சேர்த்து அவர் சிரிக்கிற சிரிப்பு அது.

"அண்ணன் பசங்கள ஏத்திகினு செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் போனேன் சார். எறங்கவே மாட்டேன்றானுங்க. சித்தப்பா, சித்தப்பான்னு ஒரே கூத்து!"

கேட்கக் கேட்கக் கிறிஸ்துதாஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இவனுக்கென்ன, அண்ணன் குடும்பம் இருக்கிறது, அண்ணன் குழந்தைகள் இருக்கின்றன. சாமான் தீர்ந்தபிறகு இந்தக் கிழவனைப் பார்க்க எதற்கு வரப்போகிறான்?

"ஒரு தடவ வண்டியக் கொண்டாந்து காட்டேன்பா."

"எங்க சார்? பைப்பு போடறேன்னு தெருவயே நோண்டி வெச்சிருக்கானுங்க. முனையிலயே நிறுத்திட்டு நடந்து வரேன். உங்க முட்டிய வெச்சிகினு அந்த மண்ணு மேட்டத் தாண்ட முடியாது."

உண்மைதான். கிறிஸ்துதாஸ் தெருமுனைக்குப் போயே இரண்டு மாதம் ஆகிறது.

கை கழுவியாயிற்று. இனித் தள்ளிப்போட வழியில்லை. உள்ளே போய் வீல் கப்பை எடுத்துவந்து நீட்டினார். "இதோட எல்லாம் முடிஞ்சுதுப்பா."

உலகநாதன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத் தேடினீங்களா சார்? வேற எதுவும் இல்லியா?"

"இல்லப்பா."

"அப்ப வரேன் சார்." நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டான்.

கிறிஸ்துதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு தட்டு கழுவக் கிடந்தது. அடுத்த ஞாயிறு ஒரு தட்டுதான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. மானம் போனால் போகட்டும் என்று எழுந்தார். ஒளித்துவைத்ததை எல்லாம் ஒப்புக்கொண்டு, 'சாமான் இல்லாட்டியும் வாப்பா' என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

முட்டி கெஞ்சியது. மண் மேட்டில் கையை ஊன்றி ஏறி, மூச்சு வாங்கத் தெருமுனைக்கு வந்தார். அங்கே காரைக் காணோம். புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் படிக்கட்டில், வீல் கப்பை மார்போடு அணைத்தபடி உலகநாதன் தொங்கிக்கொண்டு போனான்.

சைக்கிள் கடை வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான் வேம்புலி.

"வேம்புலி, உலகநாதன் ஏன் பஸ்ல போறான்? கார் எங்க?"

"எந்தக் காரு நைனா? உங்ககிட்ட வாங்கின மூணாவது வாரமே இஞ்சின் பூடுச்சி. அப்பவே எடைக்குப் போட்டாச்சு."

"அண்ணன் பசங்களோட ஏரிக்குப் போனேன்னு சொன்னானே!"

"அண்ணனுங்களா? நெலத்தப் பிரிச்சதுலேர்ந்து அந்தாள ஊட்டு வாசப்படி ஏற உடறதில்ல."

கிறிஸ்துதாஸ் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஏன்பா யாரும் சொல்லல?"

"என்னாண்ட சத்தியம் வாங்கிகினாரே! இன்னியோட சாமான் தீந்துச்சுன்னு கண்ணத் தொடச்சிகினு போறாரு, இனிமே சொன்னா இன்னா?" என்றான் வேம்புலி. "காரு இல்லன்னு தெரிஞ்சா, நீங்க அப்பறம் அவர ஊட்டுக்குக் கூப்புட மாட்டீங்களாம் நைனா."