இரண்டாவது வழித்தடம்

“இந்த வீடு விற்பனைக்கு இல்லை” என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தபடி ஹாலம் க்ரீக் ஊர் மன்றத்தில் முதல் ஆளாக நின்றிருந்தார் கெல்வின். பலகை அவருடையதல்ல. பக்கத்து வீட்டு நோலீனின் வேலியோரம் மூன்று வருடமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் மறுபக்கத்தில் வீட்டுத் தரகரின் பெயரும் போன் நம்பரும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன.

மேடையில் ரயில் திட்டத்தின் அதிகாரி ஃபருஜியா மைக்கைத் தட்டிப் பார்த்தாள். சிட்னியிலிருந்து நியூகாஸிலுக்கு அதிவேக ரயில். ஊருக்குப் புது ஸ்டேஷன். கடைத்தெரு முழுக்க இடித்துப் பதினெட்டு மாடி.

“என் கறிக்கடையை எத்தனாவது மாடில வெக்கப் போறீங்க மேடம்?” என்று கத்தினான் டாரல். “ஆட்டை லிஃப்ட்ல ஏத்தணுமா?”

கூட்டம் சிரித்தது. கெல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குப் பின்னால் நாற்காலியில் நோலீன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன குளிர்காலத்தில் அவள் கணவன் டெஸ் பக்கவாதம் வந்து விழுந்தான். நியூகாஸிலில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். இந்த நிலையில் வீட்டையும் பிடுங்கினால் அவள் என்ன ஆவாள்? டெஸ் திரும்பி வந்தால் எங்கே வருவான்?

“ஊர்ப்பேச்சு அப்புறம். எங்க தெரு விஷயத்தைச் சொல்லுங்க” என்றார் கெல்வின்.

ஃபருஜியா சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினாள். “ரெண்டே வழிதான் மிஸ்டர் டிராண்டர். முதல் வழில போனா மிஸஸ் நோலீன் ப்ரௌஸ் வீடு போகும், உங்க வீடு தப்பும். ரெண்டாவது வழில கொஞ்சம் வளைஞ்சு போகணும். அவங்க வீடு தப்பும், உங்க வீடு போகும். நிலத்துக்காரர் மனசார ஒத்துக்கிட்டாதான் ரெண்டாவதை எடுப்போம். இன்னிக்கு மத்தியானத்தோட முடிவு பண்ணியாகணும்.”

கெல்வின் பலகையைக் கீழே வைத்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடத்துக்கு முன் அவரே மரம் அறுத்துக் கட்டிய வீடு அது. மனைவி மெர்லின் உயிர் பிரிந்த அறையில்தான் இன்றும் தூங்குகிறார். அதைவிட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

“பேனா குடுங்க” என்றார்.

“கெல்வின்!” நோலீன் எழுந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “வேணாம். கையெழுத்துப் போடாத.”

“நீ இப்படிச் சொல்லுவேன்னு தெரியும். போய் உட்காரு.”

“நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளேன்...”

“கேட்க ஒண்ணுமில்ல நோலீன். நான் ஒண்டிக்கட்டை. ஒரு பெட்டியைத் தூக்கிட்டு எங்க வேணா கிடப்பேன். உனக்குப் படுத்த படுக்கையா ஒரு புருஷன் இருக்கான்.” ஃபருஜியாவிடம் திரும்பினார். “எடுத்துக்கங்க மேடம். மொத்தத்தையும் எடுத்துக்கங்க. அவங்களை மட்டும் விட்டுடுங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றிலும் போட்டார். ஃபருஜியா முத்திரையைக் குத்தி, வரைபடத்தில் முதல் கோட்டின் மேல் பெருக்கல் குறி போட்டாள்.

“இனி இதுல மாற்றமில்ல. மிஸஸ் ப்ரௌஸ், உங்க வீட்டை யாரும் தொட மாட்டாங்க.”

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. டாரல் ஓடிவந்து கெல்வினைக் கட்டிக்கொண்டான். “மனுஷன்யா நீ!”

நோலீன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று யாரோ டீ கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

கெல்வின் முட்டி வலியோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டார். “அழாத. எல்லாம் முடிஞ்சிடுச்சு. வீடு உன்னுது.”

“ரயில் எவ்ளோ தள்ளிப் போகும்?”

“உன் சமையலறை ஜன்னல்லேர்ந்து முப்பதடி இருக்கும். சத்தம் வரும்தான். பழகிடும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். “டெஸ் இருக்கிற இல்லத்துக்கு எதிர்லயே ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வெச்சிருந்தேன். அவர் ஜன்னல் அங்கேருந்து தெரியும். சொன்னப்போ டெஸ் சிரிச்சார், கெல்வின், இத்தனை மாசத்துல முதல் தடவையா.”

“ஃபிளாட்டா? நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“எப்படிச் சொல்றது? தெருவே எனக்காகக் கொடி பிடிச்சு நிக்குது.”

கெல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“மூணு வருஷத்துல அந்த வீட்டை வாங்க வந்தது ரயில்வேக்காரங்க மட்டும்தான், கெல்வின்.”