அரை இஞ்சு குறை

“இதுவும் வேணாம்மா,” என்று மவுசைத் தள்ளிவிட்டார் கண்ணாயிரம். மரச்சாமான் வரைகிற சாஃப்ட்வேரில் இது நாலாவது. திவ்யாவுக்குத் தலை சுற்றியது.

திருக்கழுக்குன்றத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்த இந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு தச்சரை அவள் பார்த்ததில்லை. அவர் வரைந்துகொண்டிருந்த பழைய சாஃப்ட்வேரை இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். அதற்குள் வேறொன்றுக்கு மாறியாக வேண்டும். நாலு நாளாகக் கடை திறக்கும்போதே வந்து நிற்கிறார். மதியமானாலும் கிளம்ப மனசு வருவதில்லை.

“வூட்டுக்குப் போய் இன்னாம்மா பண்றது? செவத்தைப் பாத்துகினு குந்தணும்” என்பார்.

“இதுக்கு என்ன குறைச்சல் மேஸ்திரி? அளவு தப்பாப் போட்டா செவப்புல காட்டுது. தானே சரி பண்ணிடுது!”

“அதான் வேணான்றேன்.”

நல்ல கூத்து! தப்பைக் காட்டினால் மனுஷனுக்கு ரோஷம் வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நாலு சாஃப்ட்வேரிலும் ஒரு ஸ்டூல் வரைந்து பார்த்தார். நாலிலும் ஒரு கால் அரை இஞ்சு குறைவு. இவரிடம் ஸ்டூல் வாங்கினவர்கள் பாவம்.

இத்தனைக்கும் முதல் நாள் அவளுடைய மேஜைமேல் தன் உள்ளங்கையை வைத்ததுமே, “இடது பக்கம் ஒரு நூல் எறங்கிக்கீது” என்று அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தவர். அன்றிலிருந்து மேஜை ஆடுவதில்லை.

“சரி, கடைசியா இது ஒண்ணு. தானா எதையும் திருத்தாது. பழைய படமெல்லாம் இதுல வந்துடும்.”

“படம் வர்றது இருக்கட்டும். அதைப் பாக்குற ஆளு?”

“அந்தப் படத்துல சேத்திருக்கிற ஆளுங்களும் வருவாங்க. யார் எதை மாத்தினாலும் பேரும் நேரமும் காட்டும்.”

“அப்ப இதாம்மா!” கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

பழைய படங்களை ஏற்றினாள் திவ்யா. கட்டில், மேஜை, அலமாரி, எல்லாவற்றிலும் அவர் ஒரு காலைக் குறைத்துப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் மறுநாளே வேறு யாரோ சரி செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரே பேர்தான்: அம்சா.

“யாரு மேஸ்திரி இது?”

“என் பொண்ணு. பெங்களூர்ல கீறா. அந்தப் பழைய சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்ததே அவதான். அவ கல்யாணத்துக்கு நான் போவல. மூணு வருஷமா அவ என் போனும் எடுக்கறதில்ல, பேச்சும் இல்ல. ஆனா அளவு தப்பாயிருந்தா மட்டும் அவளுக்குத் தாங்காது.”

திவ்யாவுக்கு இன்னும் விளங்கவில்லை. “அப்ப தானாத் திருத்துறதையே எடுத்திருக்கலாமே?”

“அதுவே திருத்திட்டா, அவ எதுக்கும்மா வருவா?”