அடுத்த பக்கம்

டிசம்பர் பிறந்தால் சூசைநாதனுக்குக் கால் வீட்டில் தங்காது. மனைவி மதலேனை அழைத்துக்கொண்டு பினாங்கு மலைக்கு ரயிலேறிவிடுவார். "ஊட்டி என்ன ஊட்டி, நம்ம மலைகிட்ட நிக்குமா லா?" என்பார். அங்கே அவர்கள் தங்கும் பங்களாவின் வருகைப் புத்தகத்தில் இருவர் பெயரையும் அவரே எழுதுவார். மதலேனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1931-இல் அப்படி எழுதிவிட்டு, சும்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே 1932 டிசம்பர் தேதிக்கு எதிரே, 'மதலேன்' என்ற பெயர் மட்டும் கோணல்மாணலாக எழுதியிருந்தது. எவனோ விளையாடியிருக்கிறான் என்று புத்தகத்தை மூடினார். அவளிடம் மூச்சுவிடவில்லை.

இறங்கும் ரயிலில் மதலேன் தன் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டாள்.

"எனக்கு எழுதச் சொல்லிக் குடுங்களேன்," என்றாள். "என் பேரு மட்டும் போதும்."