கால் முளைக்காதவர்கள்

குட்டை வற்றிக்கொண்டே வந்தது. தவளைகள் கூடிப் பேசின.

"மேட்டைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடலாம். சம்மதம் உள்ளவர்கள் காலைத் தூக்குங்கள்" என்றது தலைவர் தவளை. எல்லாத் தவளைகளும் தூக்கின.

"ஏகமனதாக முடிவாயிற்று!"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலைப்பிரட்டை கேட்டது: "பெரியப்பா, எங்களுக்குக் கால் எங்கே இருக்கு? நாங்க எப்படித் தாண்டுறது?"

"கால் முளைக்காததுக்கெல்லாம் கூட்டத்துல என்ன பேச்சு?" என்று ஒரு தவளை சிரித்தது. வேறு எதுவும் சிரிக்கவில்லை. ஒரு தாய்த்தவளை தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தது. தன் நூறு பிள்ளைகளை அதுவரை அது நினைக்கவே இல்லை.

தலைப்பிரட்டை விடவில்லை. "கரைக்கு அடியில நண்டு வளை இருக்கு. அது வழியாத்தான் நாங்க தினமும் வாய்க்காலுக்குப் போய் விளையாடுவோம். நேத்து சேறு சரிஞ்சு அடைச்சிடுச்சு. நீங்க காலால தோண்டிக் கொடுங்க, எல்லாருமே போயிடலாம்."

தவளைகள் தோண்டின. குட்டைத் தண்ணீர் சலசலத்து வளைக்குள் ஓடியது. தலைப்பிரட்டைகள் பயமில்லாமல் முன்னால் நீந்தின. பாதி வழியில் வளை இரண்டாகப் பிரிந்தது. ஒரே இருட்டு. தலைவர் தவளை நின்று, பணிவாகக் கேட்டது:

"கண்ணு, இடமா, வலமா?"