கொடையன்று ஒரு வைவா

"அம்மன் கொடைக்குப் பாட்டுப் போடாம, ஒம் பரீட்சைக்காக நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமோ?"

மைக் செட் வேல்சாமி கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இசக்கிசெல்விக்கு அழுகை முட்டியது. "ஒரே ஒரு மணி நேரம் அண்ணாச்சி. பதினோரு மணிக்குப் பாரிஸ்லருந்து ஒரு புரொபசர் ஆன்லைன்ல வைவா கேள்வி கேப்பாரு. அதுல பாஸானாத்தான் டாக்டர் பட்டம். ஒங்க ரேடியோக் குழாய் எங்க வீட்டு ஜன்னலப் பாத்துல்லா கட்டிருக்கு!"

"அப்படி என்னட்டி படிக்க?"

"அந்தக் காலத்து அரபு விஞ்ஞானிகளப் பத்தி. கண்ணு எப்படிப் பாக்குதுன்னு அவங்க..."

"கண்ணத் தொறந்தாப் பாக்குது! இதுக்கு எதுக்கு அரபு தேசம் வரைக்கும் போற?"

மறுபடியும் சிரிப்பு. கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் துரைப்பாண்டி, "வேல்சாமி, செட்டு ஒரு நிமிசம் நிக்கப்பிடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேல்சாமி சத்தத்தை இன்னும் கூட்டினார்.

'ஒரே தெருக்காரன், மனுசனா இவன்!'

பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கடையநல்லூருக்கு பஸ் ஏறி ஏறி அப்துல் ஜப்பார் சாரிடம் அரபி படித்ததெல்லாம் ஒரு குழாய் ரேடியோவால் நாசமாகப் போகிறது.

லேப்டாப்பில் புரொபசரின் முகம் தெரிந்தது. பாரிஸில் இருந்தாலும் பாண்டிச்சேரிக்காரர்; தமிழிலேயே ஆரம்பித்தார்.

'கர்ர்ர்...'

பாட்டு நின்றது. தெருவே ஊமையாகிவிட்டது.

"கோயில் கொடை, சத்தமா இருக்கும்னு மெயில் போட்டிருந்தீங்களே? ஒண்ணும் கேட்கலையே!"

"அம்மன் கருணை சார்!"

இசக்கிசெல்வி வெளுத்து வாங்கினாள். கண்ணிலிருந்து ஒளி கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிய காலம். இல்லை, வெளிச்சம்தான் கண்ணுக்குள் வருகிறது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கெய்ரோவில் ஒருவர் வாதாடினார். அதற்காக ஓர் இருட்டறையில் சின்னத் துளை வழியாக வெளிச்சத்தை விட்டு...

வெளியே துரைப்பாண்டியின் குரல் கேட்டது. "ஏலே வேல்சாமி! கொடையன்னைக்கா செட்டு படுக்கணும்? அடுத்த வருசம் திருவேங்கடத்து செட்டுதாம்லே!"

"வயரு எங்கயோ அந்துபோச்சு அண்ணாச்சி. தேடுதேன்."

'நல்லா வேணும்!' இசக்கிசெல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடே அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னாள்.

புரொபசர் கைதட்டினார். "போதும்மா. வாழ்த்துகள், டாக்டர் இசக்கிசெல்வி!"

அவள் குதித்த குதியில் நாற்காலி உருண்டது. அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, சீனி மிட்டாய்ப் பொட்டலத்தோடு தெருவுக்கு ஓடினாள்.

அவள் வீட்டு ஜன்னலுக்கு அடியில் வேல்சாமி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி! அந்த அம்மனே ஒங்க செட்ட நிப்பாட்டிட்டாளா? இந்தாங்க, மிட்டாய் எடுங்க!"

வேல்சாமி ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். கத்தரித்திருந்த வயரின் இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்துக்கொண்டே கேட்டார்:

"அது கெடக்கட்டும்ட்டி. அந்த இருட்டு ரூம்ல ஓட்ட வழியா வெளிச்சத்த விட்டாரே, பெறவு என்ன ஆச்சு? அந்த நேரம் பாத்து இந்தத் துரைப்பாண்டி கத்துனதுல எனக்குச் சரியாக் கேக்கல."