கடை முட்டை

ஒன்பதாவது முட்டையையும் ஜெயபாலன் பெட்டியின் துளைமேல் வைத்துப் பார்த்தான்.

உள்ளே எரிந்த பல்பின் வெளிச்சம் ஓட்டில் ஊடுருவி முட்டை மஞ்சளாக ஒளிர்ந்தது. அவ்வளவுதான். கரு பிடித்திருந்தால் இந்நேரம் சிவப்பு நூல் போல் நரம்பு ஓடியிருக்க வேண்டும்.

“இதுலயும் இல்ல” என்றான்.

வெளியே நல்ல பகல். சமையலறை ஜன்னலில் கோணிச்சாக்கை மாட்டி, கதவைச் சாத்தி அவன்தான் இருட்டாக்கியிருந்தான். பிஸ்கட் பெட்டிக்குள் பல்பைப் பொருத்தித் துளை போட்டதும் அவன்தான். மின்சார இலாகாவில் வேலை. சுதந்திரக் கொண்டாட்டத்துக்காக ஒரு வாரமாகக் காஜா பேராங் தெரு நெடுகக் கம்பமேறி வண்ண விளக்குகள் கட்டிக்கொண்டிருந்தான். இன்றுதான் அரைநாள் ஓய்வு கிடைத்தது.

சிவகாமசுந்தரி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு. குனிய முடியாதென்று கோழிக்கூடையை அவளுக்கு எட்டும்படி மேசைமேல் தூக்கி வைத்திருந்தான். அடைக்கோழியின் அடியில் கையை நுழைத்து அவள் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுத்தாள். கோழி அவள் புறங்கையைக் கொத்தியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலிருந்த ஒரே சேவல் போன மாதம் மீன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. அதன்பிறகு கோழி இட்ட முட்டைகளையெல்லாம், பிள்ளைக்கு நல்லதென்று ஜெயபாலன் அவித்து அவளுக்கே கொடுத்தான். கோழியோ முட்டையில்லாத கூடையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. விரட்டினான். தண்ணீர் தெளித்தான். போன வேகத்தில் திரும்பி வந்து அதே கூடையில் உட்கார்ந்தது.

ஒன்பது நாளைக்கு முன்னால் சிவகாமசுந்தரி கடையிலிருந்து பத்து முட்டை வாங்கிவந்து அதன் அடியில் வைத்தாள்.

பக்கத்து வீட்டு மல்லிகா சிரித்தாள். கடை முட்டை எங்கேயாவது குஞ்சு பொரிக்குமா? கிளேபாங் பண்ணையில் கூண்டுக்கோழி இடுவதல்லவா, சேவலைக் கண்ணால்கூடப் பார்த்திராத கோழியல்லவா என்றாள்.

ஜெயபாலன்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்காரத் தவுக்கே சேவலும் வளர்க்கும் கம்பத்துக் கிராம வீடுகளில் வாங்கும் முட்டையையும் அதே தட்டில்தான் கலந்து வைக்கிறார், பத்தில் ஒன்றாவது தேறும் என்றான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவனுக்குப் பிள்ளை வரப்போகிறது. இந்த ஆகஸ்டு மாதத்தில் அவன் நம்பாத விஷயமே இல்லை. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கூடையைத்தான் எட்டிப் பார்ப்பான். பிள்ளை வீட்டுக்கு வரும்போது வாசலில் குஞ்சுகள் ஓட வேண்டுமென்பான்.

பத்தாவது முட்டையை நெடுநேரம் வைத்திருந்தான். திருப்பினான். கவிழ்த்தான். சட்டை முனையால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

பிறகு அவளிடமே நீட்டினான்.

“எல்லாம் கூமுட்டை, சுந்தரி. எடுத்துப் போட்டுர்றேன். இல்லாட்டி இது தீனி எடுக்காம கிடந்தே செத்துப்போயிரும்.”

கூடைக்குள் போன அவன் கையை அவள் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

“இருக்கட்டுங்க. அதுவா எழுந்திரிக்கிறப்ப எழுந்திரிக்கட்டும்.”

“உள்ள ஒண்ணுமில்லன்னு அதுக்குத் தெரியாதுல்ல.”

“தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

அவன் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டான். பத்தாவது முட்டையையும் வாங்கிக் கோழியின் அடியில் தள்ளிவிட்டுப் பல்பின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அவள் அந்த முட்டைகளை வாங்கியது ஆஸ்பத்திரிக்குப் போன அன்று.

அவனுக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவள் தனியாகத்தான் போனாள். டாக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். பிறகு தாதியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தாதியும் வெகுநேரம் கேட்டாள்.

தமிழ்த் தாதி. இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். துடிப்பு நின்றுபோயிருக்கிறது. இதற்காக வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே வலி எடுக்கும், அப்போது வாம்மா, வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

சிவகாமசுந்தரி பஸ் ஏறவில்லை. வெயிலில் நடந்தே வந்தாள். வீடு நெருங்க நெருங்க, ஒன்றுமில்லாத கூடையில் கோழி உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதை அப்படிப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாதென்று தோன்றியது. கடைக்குள் நுழைந்தாள்.

டாக்டர் என்ன சொன்னாரென்று அன்று சாயங்காலம் அவன் கேட்டான். எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றாள். ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். படுக்கையில் புரண்டால் வயிற்றுப் பாரம் கல்லைப்போல அந்தப் பக்கம் சரிந்தது. அவன் பக்கத்தில் அயர்ந்து தூங்கினான்.

இன்று சொல்லிவிடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

அவன் கோணியை இழுத்தான். வெளிச்சம் கொட்டியது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவன் முக்காலியின் முன்னால் குந்தி, விளக்குக் கம்பம் ஏறிக் காய்த்துப்போன உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்துவிட்டான்.

“கொஞ்ச நாளா ஆட்டத்தையே காணோமே. தூங்குறானா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ம்” என்றாள்.

எழுப்பிவிடக் கூடாதென்று ஜெயபாலன் கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.