முதல் ஊசி

சிதம்பரம் ஆய்வகத்தில் பத்து வருடம் உழைத்து அருண்பாண்டியன் கண்டுபிடித்த மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அரசு அனுமதி கிடைத்துவிட்டது. கடலூர் செம்மண்டலத்தில் முதல் முகாம். வரிசை தெருமுனை வரை நின்றது. இறந்துபோன மனைவியின் தம்பி அன்புமணி மட்டும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

“உள்ள வா மச்சான். உங்க தெருவுலயே ரெண்டு பிள்ளைக்குக் காய்ச்சல்.”

“வேணாம் மாமா. சோதனையப்ப ஊரே பயந்துச்சு. எல்லார் முன்னாடியும் எங்க அக்காவுக்குத்தான் முதல் ஊசி போட்டீங்க. அதைப் பாத்துதான் ஊரு கை நீட்டுச்சு. கடைசியில அக்காவே அந்தக் காய்ச்சல்லதான போச்சு?”

“நூத்துல ரெண்டு பேருக்குப் பலிக்காது.”

“அந்த ரெண்டு பேரும் எங்க வீடுதானா?”

அன்புமணி திரும்பி நடந்தான். அவன் தோளிலிருந்து குழந்தை மாமாவுக்குக் கையாட்டியது.

“நில்லு மச்சான்.” அருண்பாண்டியன் பின்னாலேயே ஓடினான். “ஊசி மேல தப்பு இல்ல. அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயம் ஜாஸ்தி. அன்னிக்கு அவளுக்கு மட்டும் போட்டது உப்புத்தண்ணி. நெசமான ஊசியை அப்புறம் போடலாம்னு இருந்தேன். காய்ச்சல் முந்திக்கிச்சு.”

அன்புமணி நின்று திரும்பினான். பிறகு மகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் போய் நின்றான்.

“வேற யாரையாவது போடச் சொல்லுங்க, சார்.”